அண்ணியின் எவர்சில்வர் தட்டு

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வந்து நிற்பார் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை, அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன பிறகும். அண்ணி என்றே சொல்கிறேன். என் சுபேதாரின் மனைவி. சுபேதாரைப் பட்டாளத்தில் சார் என்று கூப்பிட்டேன். இரண்டு பேரும் பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு அண்ணன் என்று கூப்பிட்டேன். அந்த வழியில் இவர் அண்ணி, உறவு அவ்வளவுதான். ஆனால் பத்து வருஷத்துக்கு மேல் என் பிழைப்பில் மண் அள்ளிப் போட்டவர் இவரைப் போல வேறு யாரும் கிடையாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் ஏதோ உருகுகிறேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பட்டாளத்திலிருந்து நாயக் பதவியில், சுபேதாருக்குச் சில படி கீழே, வெளியே வந்தவன். ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் மேஜை நாற்காலி போட்டு, மருத்துவக் காப்பீடு பாலிசி பிடிக்கும் ஏஜென்ட் ஆனேன். வாடிக்கையாளர்கள் எல்லாம் எங்கள் ஆட்கள், அறுபது எழுபது தாண்டிய முன்னாள் சிப்பாய்கள். எங்களுக்கு ராணுவம் கொடுத்த மருத்துவ அட்டை உண்டு. நல்ல அட்டை. பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் கையைக் கடிக்காது. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவன் பட்டியலைப் பார்த்து விழுவதில்லை. பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே முதலில் நாம் கட்ட வேண்டும், அப்புறம் மனுப் போட்டு வாங்க வேண்டும். அந்த இடைவெளிக்காக அட்டைக்கு மேலே இன்னொரு பாலிசி எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதை விற்பது என் வேலை.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டில் ஒரு சின்ன மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எங்கள் ஆட்கள் கூடுவார்கள். பென்ஷன், கேன்டீன் சரக்கு, யார் போய்விட்டார், யார் படுத்திருக்கிறார் என்று பேச்சு ஓடும். நான் ஒரு மூலையில் படிவங்களை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பத்தரை மணிக்கு அண்ணி வருவார். அவர் ஊர் மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து வர வேண்டும். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு எவர்சில்வர் தட்டு, விளிம்பில் சுபேதாரின் பேர் வெட்டியது, அவர் சாப்பிட்ட தட்டு. பையை என் மேஜையில் வைக்கும்போது ணங் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பாதி ஆண்கள் டீ குடிக்க வெளியே நழுவிவிடுவார்கள்.

தட்டு எதற்கு என்று சொல்ல, எங்கள் ஆட்களுக்கு இருக்கிற ஒரு வியாதியைச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் வருஷா வருஷம் உடம்பைச் சோதிப்பார்கள். பிரஷர், சர்க்கரை என்று ஏதாவது சிக்கினால் மெடிக்கல் கேட்டகரியை, அதாவது உடல் தகுதித் தரத்தை, குறைத்துவிடுவார்கள். கேட்டகரி குறைந்தால் பதவி உயர்வு போச்சு, நல்ல போஸ்டிங் போச்சு. அதனால் மறைக்கப் பழகினோம். சோதனைக்கு முன்னால் ஒரு வாரம் உப்பில்லாமல் சாப்பிட்டவனைத் தெரியும். வீங்கிய முட்டியோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிக் காட்டியவனைத் தெரியும், அது நானேதான். டாக்டர் ‘ஏதாவது தொந்தரவு?’ என்று கேட்டால் முதுகு நிமிர்ந்துகொள்ளும், வாய் தானாக ‘இல்லை சார்’ என்று சொல்லிவிடும்.

இருபது வருஷம் இப்படிச் சொல்லிப் பழகியவன் எழுபது வயதில் காப்பீட்டுப் படிவத்தின் முன் உட்கார்ந்தாலும் அதைத்தான் சொல்வான். ரத்த அழுத்தம் உண்டா? இல்லை சார். சர்க்கரை? இல்லை சார். இதயக் கோளாறு? ஃபிட் சார். இங்கே மறைத்தால் பதவி உயர்வு கிடைக்காது. ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு கம்பெனிக்காரன் பழைய மருந்துச் சீட்டைத் தோண்டியெடுத்துக் கையை விரிப்பான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். ‘இல்லை’ என்று எழுதினால் மறுநாளே பாலிசி வந்துவிடும். ‘உண்டு’ என்று எழுதினால் சோதனை, கூடுதல் பிரீமியம், அந்த நோய்க்கு மூன்று வருஷம் பைசா தராத காத்திருப்பு. பாதிப் பேர் மனசு மாறி எழுந்து போய்விடுவார்கள்.

சுபேதாரின் படிவத்தையும் நான்தான் எழுதினேன். மார்ச் மாதம், என் மாடி ஆபீசில், நாங்கள் இருவர் மட்டும். பதின்மூன்று கேள்வி, பதின்மூன்று ‘இல்லை’. என் கையெழுத்துக்குப் பட்டாளத்திலேயே நல்ல பேர், ஒன்றின் கீழ் ஒன்றாக அழகாக நின்றன. அண்ணன் சொன்னார், நான் எழுதினேன். இதைத்தான் பல வருஷம் எல்லோரிடமும் சொன்னேன். அந்த மார்ச்சில் இலக்கை முடித்த ஏஜென்டுகளுக்குக் கம்பெனி ஒரு சிவப்பு டிராலி பெட்டி கொடுத்தது. எனக்கும் ஒன்று கிடைத்தது.

அடுத்த வருஷமே அண்ணன் செங்கல்பட்டில் பேங்க் வாசலில் விழுந்தார். பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி. பாலிசி இருக்கிற தைரியத்தில் அண்ணி சேர்த்தார். மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பல வருஷமாகப் பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் அதை மறைத்துவிட்டார், ஆகவே தர முடியாது. அங்கேயே வைத்திருக்க வழியில்லாமல், அட்டை செல்லுபடியாகும் ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சென்னைக்குக் கிளம்பினார்கள். ஆம்புலன்ஸ் சிங்கப்பெருமாள் கோவிலைத் தாண்டும்போது அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி என் மாடிப்படி ஏறி வந்தார். அழுவார், திட்டுவார், செருப்பைக் கழற்றுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் படிவத்தின் நகலை மேஜையில் வைத்தார்.

“அன்னிக்கி காலையில நான்தான் அவரு சட்டப் பையில மாத்திர பட்டைய வெச்சி அனுப்பினேன். மெல்லிசு வெள்ளச் சட்ட. இங்கதான் உக்காந்தாரு. நீ எதிர்ல உக்காந்துகினு எழுதின. அத்த நீ பாத்தியா, பாக்கலியா?”

“ஞாபகம் இல்ல அண்ணி. அவரு இல்லன்னு சொன்னாரு, நான் எழுதினேன்.”

“அவரு சொல்லுவாரு. காலு உடஞ்சா கூட ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவாரு. நான் உன்ன கேக்கறேன்.”

“ஞாபகம் இல்ல அண்ணி.”

“சரி தம்பி. ஞாபகம் வரட்டும். நான் வந்துகினே இருப்பேன்.”

சொன்னபடி வந்தார். கடைசி வரைக்கும் தம்பி என்றே கூப்பிட்டார். ஒரே ஒரு நாள் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன், அந்தத் தம்பியைத்தான் தாங்க முடியவில்லை.

தட்டை முதலில் பார்த்தது செங்கல்பட்டில் ஒரு ஹவில்தார் வீட்டில். நானும் அவரும் முன் அறையில் படிவத்தோடு உட்கார்ந்திருக்கிறோம். எங்கள் ஆட்கள் வீட்டில் வழக்கம் இதுதான். ஆண்கள் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார்கள், வீட்டுப் பெண் உள்ளே டீ போடுவாள். எந்த மாத்திரை எத்தனை வேளை என்று தெரிந்தவள் அவள்தான், அவளை யாரும் கேட்க மாட்டார்கள். நாங்கள் ஞாயிறு கூட்டத்தில் நாள் குறித்ததைக் காதில் வாங்கியிருந்த அண்ணி உள்ளே வந்தார், எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குப் போனார்.

“உன் வூட்டுக்காரரு இன்னா மாத்திர துன்றாரு?”

“அவரு ஒண்ணும் துன்றதில்லக்கா.”

“அரிசி டப்பாவுல கீதா, சாமி மாடத்துல கீதா?”

 அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். “பட்டாளத்து பொட்டியில கீதுக்கா. அடியில.”

“எடுத்தாந்து தட்டுல கொட்டு.”

ஐந்து விதமான மாத்திரைகள். தட்டைக் கொண்டுவந்து என் படிவத்தின் மேலேயே வைத்தார். ஹவில்தாருக்கு மூக்கு சிவந்துவிட்டது.

“அதெல்லாம் சத்து மாத்திரம்மா.”

“நாக்குக்கு அடியில வெச்சிக்கிற சத்து மாத்திர எந்தக் கடையில விக்கிறான், எனக்கும் ரெண்டு வாங்கியா,” என்றார் அண்ணி. பிறகு என்னைப் பார்த்தார். “எழுது தம்பி. உண்டுன்னு எழுது. உன் கையாலயே எழுது.”

எழுதினேன். வாசலில் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து நின்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஞாபகம் வந்திச்சா?” இல்லை என்றேன். அந்தப் பாலிசி சோதனைக்குப் போய், பிரீமியம் ஏறி, காத்திருப்போடு வந்தது. ஹவில்தார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. நான் கெடுத்தது போல.

அதன்பிறகு இது ஊர் முழுக்கப் பரவியது. வீட்டில் படிவம் எழுதப்போகிறார்கள் என்றால் மனைவிமார்களே அண்ணிக்குப் போன் போட்டுவிடுவார்கள். ஷேவிங் டப்பாவிலிருந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து, கேன்டீன் பாட்டில் வந்த அட்டைப் பெட்டியிலிருந்து மாத்திரைகள் தட்டில் வந்து விழும். ஒவ்வொரு முறையும் ‘உன் கையாலயே எழுது தம்பி’. ஒவ்வொரு முறையும் வாசலில் அந்தக் கேள்வி. தொடர்ந்து மூன்று வருஷம் நான் இலக்கைத் தொடவில்லை. அண்ணி பேர் காதில் விழுந்தாலே வயிறு எரியும்.

வெறும் கோபத்தோடு வந்திருந்தால் சமாளித்திருப்பேன். அவர் படித்துக்கொண்டு வந்தார், அதுதான் வினை. எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். சுபேதார் மேப் பார்க்க வைத்திருந்த லென்சை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பெனியின் பாலிசிப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். புரியாத ஆங்கில வார்த்தையை அவர் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்டுத் தமிழில் பக்கத்தில் எழுதிவைப்பார்.

கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீடு. கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்ற ஒருவர், மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய சம்பளம். மகன் வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு பாலிசியைக் காட்டி, கேட்கிற தொகையெல்லாம் தருகிறான், இதையே எடுத்துவிடலாம் என்கிறான். நான் என் கம்பெனி பாலிசியோடு உட்கார்ந்திருக்கிறேன். கேப்டனின் மனைவி அண்ணியை வரவழைத்துவிட்டார். அண்ணி லென்சைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் அரை மணி நேரம் படித்தார்.

“தம்பி, பெருசா போட்ருக்கிற நம்பர பாக்காத,” என்று மகனிடம் சொன்னார். “ரூம் வாடகைக்கு இதுல வரம்பு வெச்சிருக்கான். அதுக்கு மேல ஒரு ரூபா ரூம்ல படுத்தா டாக்டர் பீஸ், ஆபரேசன் எல்லாத்தையும் அதே மாதிரி வெட்டுவான். அப்பறம் எழுபது தாண்டினா அஞ்சுல ஒரு பங்கு உங்க கையிலருந்து போடணும். அது பத்தாம் பக்கத்துல கீது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உன்னுது இன்னும் மோசம். இவருக்கு அட்ட கீது. அட்டையில வர்றது போக மிச்சத்த மட்டும் தர்ற மாதிரி ஒண்ணு வோணும். நீ மொதல்லருந்து தர்றத விக்கிற. ரெண்டு கொடைய ஒரே தலைக்கு புடிச்சி இன்னா ஆவப்போவுது?”

மூன்றாவதாக ஒரு பாலிசியைப் பையிலிருந்து எடுத்தார். தொகை சின்னது, காத்திருப்பு குறைவு, வாடகை வரம்பு கிடையாது. என் கம்பெனியுடையது இல்லை. கேப்டன் கனைத்துக்கொண்டு, தனக்கு எந்தக் காத்திருப்பும் பொருந்தாது, தனக்கு ஒரு நோயும் இல்லை என்றார். அண்ணி தட்டை எடுத்து அவர் மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மாள் அலமாரியைத் திறந்து, மெடல்கள் வைத்திருந்த வெல்வெட் பெட்டியை எடுத்து, மெடல்களைத் தூக்கிவிட்டு அடியிலிருந்து மாத்திரைகளைக் கொட்டினார்.  அன்று நான் டீ மட்டும் குடித்துவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

அந்த வயிற்றெரிச்சலில் நான் ஒரு காரியம் செய்தேன். அண்ணி சும்மா வரவில்லை, போட்டிக் கம்பெனியிடம் கமிஷன் வாங்குகிறார் என்று இரண்டு பேர் காதில் போட்டேன். இரண்டு பேர் போதும், ஒரு வாரத்தில் மரக்காணம் வரைக்கும் போய்விட்டது. புருஷன் செத்ததை வைத்துப் பிழைக்கிறாள் என்று எவனோ ஒருவன் சேர்த்தும் விட்டான். அதை நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டபோது மறுக்கவும் இல்லை, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அண்ணி மைக்கைக் கேட்டு வாங்கினார். ஆண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“எனக்கு கமிசன் வருதுன்னு பேசிக்கிறீங்க. ஆமா வருது,” என்றார். “என் வூட்டுக்காரருக்கு இந்தத் தம்பி பதிமூணு தபா இல்லன்னு எழுதிச்சி. இப்ப உங்க ஒவ்வொருத்தருக்கும் அதே கையால உண்டு உண்டுன்னு எழுதுது. நான் பக்கத்துல நின்னு பாக்கறேன். அதான் எனக்கு கமிசன். அது போதும்.”

மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தார். யாரும் கை தட்டவில்லை, யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. படிவங்களை அடுக்குகிற மாதிரி நான் மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். எனக்கும் என் மனைவிக்கும் நானே ஒரு பாலிசி எடுத்திருந்தேன். அதிலும் பதின்மூன்று ‘இல்லை’. அதை எடுத்தபோதே எனக்குப் பிரஷரும் சர்க்கரையும் வந்து ஆறு வருஷம். மாத்திரைகளை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், வண்டிப் புத்தகம் வைக்கிற கவரில் வைத்திருந்தேன். காலையில் வண்டி துடைக்கிற சாக்கில் போட்டுக்கொள்வேன். மனைவிக்கே தெரியாது என்று நினைத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை இரண்டு வாடிக்கையாளர்கள் என் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ணங் என்று சத்தம். அண்ணி வந்து என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் என் மனைவியிடம், “ஸ்கூட்டர் சாவி எங்க கீது?” என்றார். என் மனைவி ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். நான் எழுந்தேன்.

“நீயா வரச் சொன்ன?”

“ஆமா,” என்றாள் அவள். “மாடி ஏறிட்டு வந்து எப்பிடி மூச்சு வாங்குறீங்கன்னு பாத்துகினுதானே இருக்கேன். கேட்டா ஃபிட்டுன்னு சொல்றீங்க. எனக்கு வேற யாரு கீறாங்க போன் பண்ண?”

தட்டை என் முன்னால், அந்த இரண்டு பேர் முன்னால் வைத்தார் அண்ணி. அவர்களில் ஒருவர் எழுந்து நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். இன்னொருவர் வேண்டுமென்றே உட்கார்ந்து பார்த்தார்.  அடிக்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்லவில்லை.

“கம்பெனிக்கு கடுதாசி எழுது,” என்றார் அண்ணி. “பாலிசி எடுக்கும்போது மறச்சிட்டேன், எனக்கு இன்னின்ன கீதுன்னு உன் கையாலயே எழுது.”

“பாலிசியவே ரத்து பண்ணிடுவான் அண்ணி.”

“பண்ணட்டும். இப்ப பண்ணா நீ வூட்டுல கீற. அப்பறம் பண்ணா நீ ஆம்புலன்சுல கீற.”

எழுதினேன். கம்பெனி ரத்து செய்யவில்லை. பிரீமியத்தை ஏற்றி, மூன்று வருஷக் காத்திருப்புப் போட்டது. தன் பாலிசியிலேயே பொய் எழுதிய ஏஜென்ட் என்று எங்கள் ஆட்களிடம் பேர் வாங்கினேன். மாடி ஆபீசுக்கு ஆள் வருவது பாதியாகக் குறைந்தது. பழி தீர்த்துக்கொண்டார், இனி விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அன்றைக்கும் படி இறங்கும்போது திரும்பி, “ஞாபகம் வந்திச்சா தம்பி?” என்றார்.

காத்திருப்பு முடிந்து ஏழெட்டு மாதம் இருக்கும். ஞாயிறு கூட்டத்துக்குப் போக ஊரப்பாக்கம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் நெஞ்சை ஏதோ பிடித்துக் கசக்கியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஆட்டோவில் போட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அட்டைப் பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி. மனைவி ஓடி வந்தாள். காப்பீட்டு மேஜைப் பெண் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் வந்து கேட்டாள்.

“முன்னாடியே பிரஷர், சுகர் இருக்கா சார்?”

சொன்னால் வெட்கம், அந்த நிலைமையிலும் என் முதுகு நிமிரப் பார்த்தது. ‘இல்லை’ என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“இருக்கு,” என்றாள் என் மனைவி. “கம்பெனிக்கு எழுதிக் குடுத்திருக்கோம்.”

அன்று மாலைக்குள் அனுமதி வந்துவிட்டது. இதயக் குழாய் அடைப்புக்கு இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் கண் விழித்துப் பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்தில் என் துணிகளோடு ஒரு பெட்டி நின்றது. அவசரத்தில் மனைவி பரணிலிருந்து கைக்கு அகப்பட்டதை எடுத்திருக்கிறாள். சிவப்பு டிராலி பெட்டி. நான்கு நாள் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன், வேறு பக்கம் திரும்பிப் படுக்க டாக்டர் விடவில்லை.

நடக்க ஆரம்பித்ததும் அண்ணி வீட்டுக்குப் போனேன். அத்தனை வருஷத்தில் அன்றுதான் நானாகப் போனது. வேர்க்கடலை உரித்து அந்தத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். சுவரில் அண்ணன் படம், சீருடையோடு. கையில் கொண்டுபோன ஆப்பிள் பையைக் கீழே வைத்தேன்.

“உக்காரு. மூச்சு வாங்குது,” என்றார்.

“அண்ணி, அன்னிக்கி நீங்க வூட்டுக்கு வரலன்னா நான் இல்ல. கம்பெனி கைய விரிச்சிருப்பான். எனக்காக இவ்ளோ செஞ்சீங்க…”

“உனக்காகன்னு எவன் சொன்னான்?”

 அவர் இன்னும் இரண்டு கடலையை உரித்தார்.

“அன்னிக்கி அந்த ரூம்புல ரெண்டு பேருதான் இருந்தீங்க. அவரு பூட்டாரு. நீயும் பூட்டன்னா நான் யார போயி கேக்கறது?” என்றார். “அதுக்குதான் உன்ன வுட்டு வெச்சிருக்கேன். இப்ப சொல்லு. அவரு சட்டப் பையில மாத்திர பட்டைய பாத்தியா, பாக்கலியா?”

வழக்கமான பதில் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நான்கு நாளும் அண்ணனின் வெள்ளைச் சட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்லிய துணிக்குள் வெள்ளிப் பட்டை மினுங்கியது. பேனா எடுக்க அவர் பையில் கை விட்டபோது பாதி வெளியே வந்தது. அவர் அதை உள்ளே தள்ளினார். என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், பார்த்த பார்வை அப்படி. இலக்குக்கு ஒரு பாலிசி குறைந்தது. நான் குனிந்து அடுத்த கேள்வியைப் படித்தேன்.

“பாத்தேன் அண்ணி.”

அண்ணி அழவில்லை. திட்டவும் இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், அண்ணன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அந்தப் படிவத்தின் நகல். தட்டிலிருந்த கடலையைத் தரையில் கொட்டிவிட்டு, தட்டைக் கவிழ்த்து அதன்மேல் படிவத்தை வைத்து, பேனாவைக் கொடுத்தார்.

நான்காவது கேள்வி, ரத்த அழுத்தம். என் அழகான கையெழுத்தில் நின்ற ‘இல்லை’யை அடித்தேன். மேலே ‘உண்டு’ என்று எழுதினேன். இனி எந்தக் கம்பெனிக்கும் அது தேவையில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“அடிச்சா பக்கத்துல கையெழுத்து போடணும்,” என்றார். “ஊருக்கெல்லாம் நீதானே சொல்ற.”

போட்டேன். அவர் லென்சை வைத்து அந்த ஒரு வரியைப் படித்தார்.

“தேதி?”

“இன்னைக்கி தேதியா அண்ணி?”

“நீ பாத்த தேதி.”

ஞாபகம் இல்லை என்று அத்தனை வருஷம் சொன்னவன், யோசிக்காமல் எழுதினேன்.